மீண்டெழுந்தது எந்தச் சென்னை?

டிசம்பர் வந்தால் போதும், 2015 வெள்ளத்தின் படங்கள் மறுபடி சுற்றத் தொடங்கிவிடும். மீனவர்கள் தெருவுக்குள் படகோட்டி வரும் படம், பள்ளிவாசலில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் படம், மார்பளவுத் தண்ணீரில் ஒரு முதியவரைத் தூக்கிவரும் இளைஞர்களின் படம். கீழே ஒரு வரி: சென்னை மீண்டெழும். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் நானும் இவற்றைப் பகிர்ந்தவன்தான். இப்போது பகிர்வதில்லை. ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று வாசிப்பு வட்டத்தில் ஒரு இளம் தோழர் கேட்டார். அன்று வாயால் சொல்லிமுடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் படங்கள் எதுவும் பொய் இல்லை. டிசம்பர் 1ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். அடையாற்றின் இரு கரையிலும் இரவோடு இரவாகத் தண்ணீர் முதல் மாடியைத் தொட்டது. அரசு எங்கே என்று தெரியாத அந்த மூன்று நாட்களில் மக்களை மக்கள்தான் காப்பாற்றினார்கள். காசிமேட்டிலிருந்தும் மற்ற குப்பங்களிலிருந்தும் யாரும் கூப்பிடாமலே படகோடு வந்தார்கள். பள்ளிவாசல்கள், தேவாலயங்கள், கல்யாண மண்டபங்கள் திறந்துகிடந்தன. நானும் என் கல்லூரி நண்பர்களும் சைதாப்பேட்டையில் பால் பாக்கெட்டும் பாயும் சுமந்தோம். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கும். அதைக் கேலி செய்ய நான் வரவில்லை.

நான் பேச வந்தது நான்காவது நாளிலிருந்து நடந்ததைப் பற்றி.

தண்ணீர் வடிந்ததும் நகரத்தின் வயிற்றில் இருந்ததெல்லாம் தெருவுக்கு வந்துவிட்டது. நனைந்த மெத்தை, அழுகிய அரிசி, செத்த நாய், உடைந்த சாக்கடையின் மலம், எல்லாம் சேர்ந்து ஆளுயரக் குவியல்கள். இதை அள்ளச் சென்னையின் தூய்மைப் பணியாளர்கள் போதவில்லை. மற்ற மாவட்டங்களின் மாநகராட்சிகள், நகராட்சிகளிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆட்களை லாரியிலும் பேருந்திலும் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். எங்கள் பகுதிக்கு வந்தவர்கள் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் தங்கவைக்கப்பட்டார்கள். பெரும்பாலானவர்கள் அருந்ததியர்கள். கையுறை சிலருக்கு இருந்தது, பலருக்கு இல்லை. காலில் ரப்பர் செருப்பு. தண்ணீர் வடிந்த பிறகும் சேறு முழங்கால்வரை இருந்த சந்துகள் அவை.

தன்னார்வலர்களான எங்களை ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் நிற்கவைத்து நன்றி சொன்னார்கள். அந்தச் சங்கத்தின் செயலாளர் வீட்டிலிருந்து காபி வந்தது. எங்களுக்கு எவர்சில்வர் டம்ளர், டவராவோடு. எங்களோடு அதே குவியலை அள்ளிக்கொண்டிருந்த இரண்டு தொழிலாளர்களுக்குக் காகிதக் கோப்பையில் ஊற்றி, காம்பவுண்டுச் சுவர் மேல் வைத்துவிட்டு, "எடுத்துக்கச் சொல்லுங்கப்பா" என்று என்னிடம் சொன்னார் அந்த அம்மா. நான் போய்ச் சொன்னேன். அவர்கள் எடுத்துக் குடித்தார்கள். நானும் என் டம்ளரைக் குடித்து முடித்தேன். என் உடம்பிலும் அதே சேறுதான் அப்பியிருந்தது. ஆனாலும் என் கை எவர்சில்வருக்கும் அவர் கை காகிதத்துக்கும் உரியவை என்று அந்த வாசலில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எனக்கும் சேர்த்து. ஆதிக்கச் சாதியில் பிறந்தவனுக்கு இதெல்லாம் கண்ணில் பட நாளாகும். எனக்கு அன்று இரவு பாயில் படுத்த பிறகுதான் உறைத்தது. ஏன் அப்போதே கேட்கவில்லை என்ற கேள்விக்குப் பத்து வருடமாகியும் என்னிடம் நல்ல பதில் இல்லை.

வெள்ளம் சாதி பார்க்காது என்று அந்த வாரம் எல்லோரும் எழுதினார்கள். வெள்ளம் பார்த்திருக்காது. வடிந்த பிறகு நடந்த வேலைப் பிரிவினை சாதியைத்தான் பார்த்தது. 2004 சுனாமியின்போது நாகப்பட்டினம் கரையில் நிவாரண முகாமிலும் குடிதண்ணீரிலும் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டது பல உண்மையறியும் குழுக்களின் அறிக்கைகளில் பதிவாகியிருக்கிறது. அது கிராமம், இது பெருநகரம், இங்கே அப்படியெல்லாம் இல்லை என்பதுதான் சென்னைக்காரர்களின் பொதுவான நம்பிக்கை. அந்தக் காகிதக் கோப்பையைப் பார்க்கும்வரை என் நம்பிக்கையும் அதுதான்.

'மீண்டெழுதல்' என்ற சொல்லையே கொஞ்சம் பார்ப்போம். வெள்ளத்துக்கு ஓராண்டு முன்பு, 2014இல், ராக்பெல்லர் அறக்கட்டளையின் '100 மீண்டெழும் நகரங்கள்' திட்டத்தில் சென்னை சேர்க்கப்பட்டது. ரெசிலியன்ஸ் என்கிறார்கள். அடி வாங்கினாலும் பழைய நிலைக்குத் திரும்பும் திறன் என்று பொருள் சொல்லலாம். எனக்கு அதில் ஒரே சந்தேகம்தான். பழைய நிலை என்பது யாருடைய நிலை? அடுக்குமாடியின் தரைத்தளத்தில் கார் மூழ்கியவர் காப்பீட்டில் வேறு கார் வாங்கிப் பழைய நிலைக்குத் திரும்பினார். அடையாற்றங்கரையில் குடிசை போனவருக்குத் திரும்பிப்போகப் பழைய இடமே விட்டுவைக்கப்படவில்லை.

எங்கள் தெருவைப் பெருக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அம்மாவும் அங்கேதான் பிறந்தார். வெள்ளத்தில் வீடு போனது. சேறு காய்வதற்குள் அதிகாரிகள் வந்தார்கள், டோக்கன் கொடுத்தார்கள், சாமான்களை வண்டியில் ஏற்றினார்கள், பெரும்பாக்கத்தில் இறக்கிவிட்டார்கள். எட்டு அடுக்குக் கட்டடங்கள், ஆயிரக்கணக்கான வீடுகள். பெண் பிள்ளைக்கு அரையாண்டுத் தேர்வு முடியவில்லை. "தண்ணி வந்து ஒரு ராத்திரிதான் எங்கள வீட்ட விட்டு வெளிய தள்ளுச்சு. கவர்மெண்டு வந்து ஒரேடியா தள்ளிடுச்சு தம்பி" என்று சொல்வார். அங்கே போனவர்கள் எல்லாரும் வேலையை விட்டார்களா என்றால், இல்லை. வீட்டு வேலை, துப்புரவு வேலை, பூக்கட்டு, மீன்கூடை எல்லாம் நகரத்தில்தானே இருக்கிறது? விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பி இரண்டு பேருந்து மாறி ஆறு மணி வருகைப்பதிவுக்கு வந்து நிற்கிறார். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து 2021இல் வந்த பிறகு சம்பளத்தில் ஒரு பங்கு மிச்சமாகிறது என்பதையும் அவரே சொல்வார். நல்லதை நல்லது என்று சொல்வதில் அவருக்குக் கஞ்சத்தனம் கிடையாது.

ஆற்றோரத்தில் இருப்பது ஆபத்துதானே, இடம் மாற்றுவது அவர்கள் நன்மைக்குத்தானே என்று படித்த நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மாற்றிய இடத்தைப் போய்ப் பாருங்கள். பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் கண்ணகி நகரும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் நீர் வந்து சேரும் தாழ்வான பரப்பில் இருக்கின்றன. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேர் அளவுக்குப் பரந்திருந்த அந்தச் சதுப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். 2022இல் அதை ராம்சார் பட்டியலில் சேர்த்துக் கொண்டாடினோம். 2015இல் செம்மஞ்சேரி மூழ்கியது. 2020இல் மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மூழ்கியது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி வெள்ளம் வந்து நிற்கும் இடத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். ஊர் மேட்டில், சேரி பள்ளத்தில் என்ற பழைய கிராமக் கணக்கை நகரமைப்பு வரைபடத்தில் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

சரி, ஆக்கிரமிப்பு என்கிறார்களே, அதையும் பேசிவிடுவோம். நுங்கம்பாக்கம் ஏரியின் மேல் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. மாம்பலம் நெடிய ஏரியைத் தூர்த்துத்தான் 1920களில் தியாகராய நகர் உருவானது. மேற்கு மாம்பலத்தில் இன்றும் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது, ஏரிதான் இல்லை. பக்கிங்ஹாம் கால்வாய்க்குள் தூண்களை இறக்கிப் பறக்கும் ரயிலை ஓட்டுகிறார்கள். விமான நிலையத்தின் ஓடுதளம் அடையாற்றையே கடந்து போகிறது. பழைய மகாபலிபுரம் சாலையின் தகவல் தொழில்நுட்பக் கட்டடங்களுக்குக் கீழே இருப்பதும் சதுப்புதான். இவற்றுக்கெல்லாம் பெயர் வளர்ச்சி. ஆற்றோரத்தில் பத்துக்குப் பத்து அடி ஓலைக்கூரைக்கு மட்டும் ஆக்கிரமிப்பு என்று பெயர். 2015 வெள்ளத்தை இந்தியத் தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை மனிதர்களால் விளைந்த பேரிடர் என்றே சொன்னது. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கை அது. அந்த மனிதர்களில் எத்தனை பேர் பெரும்பாக்கத்துக்குக் குடிபெயர்ந்தார்கள்?

இருக்கும் இடத்திலேயே வீடு கட்டித்தர முடியாது என்பதும் உண்மையில்லை. 1970இல் கலைஞர் ஆட்சியில் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டுவதுதான் வழக்கமாக இருந்தது. மெரினாவை ஒட்டி நொச்சிக்குப்பத்தில் கட்டினார்கள். மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் இன்றும் அந்தக் குடியிருப்புகள் இருக்கின்றன. மீனவரும் தலித்தும் நகரத்தின் நடுவிலேயே பேருந்து, பள்ளி, ஆஸ்பத்திரி பக்கத்தில் வாழலாம் என்று அந்த வாரியம் ஒரு காலத்தில் ஏற்றுக்கொண்டிருந்தது. திராவிட இயக்கம் இந்த நகரத்துக்குக் கொடுத்தவற்றில் நான் மதிக்கும் விஷயம் அது. 2000ஆம் ஆண்டில் கண்ணகி நகர் வந்தது. அதன் பிறகு கழகங்கள் மாறி மாறி ஆண்டும் திசை மாறவில்லை. நிலத்தின் விலை ஏறிவிட்டது, அவ்வளவுதான் காரணம். 2021இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. குடிசை என்ற சொல் இழிவாக இருக்கிறதாம். அதே ஆண்டில்தான் புளியந்தோப்பு கே.பி. பூங்காவில் வாரியம் கட்டிய புத்தம்புதிய அடுக்குமாடியின் பூச்சு விரலால் சுரண்டினால் உதிர்ந்தது. தொலைக்காட்சியில் நாடே பார்த்தது.

சத்தியவாணி முத்து நகர் நினைவிருக்கிறதா? சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கும் தீவுத்திடலுக்கும் இடையே கூவம் கரையில் இருந்த குடியிருப்பு. திராவிட இயக்கத்தின் மூத்த தலித் தலைவர், அமைச்சராக இருந்தவர், கட்சியில் தாழ்த்தப்பட்டோருக்கு உரிய இடம் இல்லை என்று 1974இல் வெளியேறித் தனிக்கட்சி கண்டவர் சத்தியவாணி முத்து. அவர் பெயர் தாங்கிய அந்தக் குடியிருப்பை 2019 டிசம்பர் கடைசியில் இடிக்கத் தொடங்கினார்கள். கூவம் மறுசீரமைப்புத் திட்டம். பள்ளி ஆண்டின் நடுவில். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள். அவர்களும் பெரும்பாக்கத்துக்குத்தான் போனார்கள். அந்தத் திட்டத்தில் மொத்தமாகப் பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை அகற்றக் கணக்கெடுத்திருந்தார்கள். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடிக்க வந்தபோது ஒருவர் தீக்குளித்து இறந்தார். அப்போது ஆட்சி மாறியிருந்தது.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. இதைத்தான் இளம் தோழர்கள் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சென்னை மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த மன்றம் வந்தது 2022 மார்ச்சில். ஐந்து வருடங்களுக்கு மேல் இந்தப் பெருநகரத்துக்குக் கவுன்சிலர் கிடையாது, மேயர் கிடையாது. அதிகாரிகள்தான் ஆண்டார்கள். கூவம் கரைக் குடும்பங்களில் பெரும்பகுதி வெளியேற்றப்பட்டது இந்தக் காலத்தில்தான். புல்டோசர் வரும்போது ஓடிப்போய்ச் சட்டையைப் பிடிக்க ஒரு வார்டு உறுப்பினர்கூட அவர்களுக்கு இல்லை. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோதும் இல்லை. 2020இல் கொரோனா வந்தபோதும் இல்லை.

பிறகு ஒருவழியாக 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டு, பிரியா ராஜன் மேயரானார். 1937இல் ஜெ. சிவசண்முகம் பிள்ளையும் 1945இல் என். சிவராஜும் உட்கார்ந்த நாற்காலியில் முதல்முறையாக ஒரு தலித் பெண். எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. எங்கள் தெருவைப் பெருக்கும் அக்காவுக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தத் தேர்தலில் அவர் வாக்களிக்க முடியவில்லை. பெரும்பாக்கம் சென்னை மாநகராட்சியின் எல்லைக்குள் இல்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் அது ஒரு கிராம ஊராட்சி.

இதை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மூன்று தலைமுறை சென்னைவாசிகளை ஒரே நாளில் லாரியில் ஏற்றி, மாநகராட்சி வாக்காளர் பட்டியலிலிருந்து எடுத்து, கிராமத்தார் ஆக்கிவிட்டார்கள். தினமும் சென்னையின் குப்பையை அவர் அள்ளலாம். சென்னையின் கழிப்பறையைக் கழுவலாம். சென்னையை யார் ஆள்வது என்று சொல்ல மட்டும் முடியாது.

1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் கிராமத்தைக் குறித்து என்ன பேசினார் என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரியாரும் கிராமம் என்ற அமைப்பே ஒழிய வேண்டும் என்று பேசியவர்தான். ஊரும் சேரியுமாகப் பிரிந்துகிடக்கும் இடத்திலிருந்து தப்பி, பெயர் தெரியாத கூட்டத்தில் கலந்து, கூலியைப் பணமாக வாங்கி, தேநீர்க் கடையில் உட்கார்ந்து குடிக்க முடிகிற இடம் என்றுதான் தலித் மக்கள் நகரத்துக்கு வந்தார்கள். அது முழுக்க நிறைவேறியது என்று சொல்ல முடியாது. 1921இல் பி அண்ட் சி ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்த வரலாறும் இந்த நகரத்துக்கு உண்டு. இருந்தாலும் நகரம் ஒரு வாசலாக இருந்தது. நூறு வருடத்துக்குப் பிறகு அரசாங்கமே செலவு செய்து ஊருக்கு வெளியே ஒரு சேரியைக் கட்டி, அதற்கு எட்டு மாடியும் மின்தூக்கியும் வைத்திருக்கிறது. மின்தூக்கி வேலை செய்யும் நாள் குறைவு என்பது வேறு கதை.

சேரி என்ற சொல் மிகையாகத் தோன்றினால், கண்ணகி நகர் என்று முகவரி எழுதி வேலைக்கு விண்ணப்பித்த பையன்களைக் கேட்டுப் பாருங்கள். துரைப்பாக்கம் என்று மட்டும் எழுதப் பழகியவர்கள் அவர்கள். ஏதாவது திருட்டு நடந்தால் காவல்துறை முதலில் எந்தத் தெருவுக்குப் போகும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். ஒரே வாரத்தில் கண்ணகி நகர் என்பது பெருமைக்குரிய பெயரானது. அந்தப் பெண்ணின் கால்களுக்கு வணக்கம். ஆனால் இருபத்தைந்து வருடமாக ஒரு முகவரியைக் கெட்ட பெயராக்கிவிட்டு, அதைத் துடைக்கும் வேலையையும் அங்கே வளர்ந்த ஒரு பிள்ளையின் தலையில் வைத்தோமே, அந்தப் பதக்கத்துக்கு அடியில் நம்முடைய வெட்கமும் கொஞ்சம் இருக்க வேண்டும்.

இப்போது ரிப்பன் மாளிகைக்கு வருகிறேன். 2025 ஆகஸ்ட் 1ஆம் தேதி முதல் ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரண்டு மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் அந்த மாளிகையின் வாசலில் உட்கார்ந்தார்கள். அவர்களில் பெண்கள் அதிகம், தலித்துகள் அதிகம். இரண்டு மண்டலங்களின் குப்பை அகற்றும் வேலையைத் தனியாரிடம் கொடுக்கக் கூடாது, பணிநிரந்தரம் வேண்டும் என்பது கோரிக்கை. மாதம் 23,000 ரூபாய்க்குப் பக்கத்தில் வாங்கிக்கொண்டிருந்தவர்களைத் தனியாரிடம் போனால் 17,000க்கும் குறைவாக வாங்கச் சொன்னார்கள். சென்னையில் குப்பையைத் தனியாருக்குக் கொடுக்கும் பழக்கம் 2000லேயே தொடங்கிவிட்டது. இரண்டு கழக ஆட்சிகளுக்கும் இதில் பங்கு உண்டு. எதிர்க்கட்சியாக இருக்கும்போது இதை எதிர்ப்பதும் ஆளுங்கட்சியானதும் தொடர்வதும் வழக்கமாகிவிட்டது.

நான் இரண்டு மாலைகள் அங்கே போனேன். உழைப்போர் உரிமை இயக்கத்தின் தோழர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. தார்ப்பாய்க்குக் கீழே ஒரு அம்மா தன் செல்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். கொரோனா காலத்தில் ஒரு தெருவில் அவர்களுக்கு மாலை போட்டு, காலில் பூ தூவிய படம். "அன்னைக்கு சாமின்னாங்க. இன்னைக்கு நகரு, ரோட்டுல உக்காராதன்றாங்க" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் வெற்றிலை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

போராட்டத்தின் 13ஆம் நாள், பொதுவழியில் இருக்கிறார்கள், அகற்றுங்கள் என்று உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அன்று நள்ளிரவில் காவல்துறை வந்தது. இழுத்துப்போய்ப் பேருந்தில் ஏற்றினார்கள். மறுநாள் அமைச்சரவை கூடித் தூய்மைப் பணியாளர்களுக்குக் காலை உணவு உள்ளிட்ட நலத்திட்டங்களை அறிவித்தது. அதே ஆகஸ்ட் 14இல்தான் 'கூலி' படமும் வெளியானது. நகரம் கூலியைத் திரையில் விசிலடித்து வரவேற்றுக்கொண்டிருந்தது.

காலை உணவு கெட்ட திட்டம் என்று நான் சொல்லவில்லை. நான்கு மணிக்கு எழுந்து வருகிறவருக்கு இட்லி வேண்டும்தான். ஆனால் அவர்கள் கேட்டது சம்பளமும் பணிப்பாதுகாப்பும். உரிமை கேட்டவருக்குச் சோறு போடுவது பண்ணையார் பழக்கம். சமூகநீதி என்று பெயர்ப்பலகை வைத்திருக்கும் ஆட்சிக்கு அது அழகில்லை. இதைச் சொன்னால், பாஜக உள்ளே வந்துவிடும், இப்போது இதைப் பேசலாமா என்று சில தோழர்கள் தயங்குகிறார்கள். சங்கிகளுக்கு இந்த மக்கள் மீது அக்கறை வந்துவிட்டதாக நானும் நம்பவில்லை. மலக்குழி மரணங்களைப் பற்றி நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு தந்த கணக்குகளில் 1993க்குப் பிறகு தமிழ்நாடுதான் முன்னணியில் இருக்கிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது. செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம் 2023இல் அதை 30 லட்சமாக்கியது. உயிரின் விலை ஏறியிருக்கிறது, இறங்கும் ஆட்கள் மாறவில்லை. பெரியார் மண் என்று நாம் பெருமையாகச் சொல்லும் மண்ணில் இது நடக்கும்போது, அந்தப் பெருமையில் உரிமை கோருகிற நாம்தான் முதலில் பேச வேண்டும். எதிரி பேசட்டும் என்று விட்டுவிட்டால் அவன் தன் மொழியில் பேசுவான்.

மிக்ஜாமின்போதும் இப்படித்தான். மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் வந்து படிந்தது. இயந்திரங்களும் நிபுணர்களும் வருவதற்குள் மீனவர்களே குவளையாலும் கையாலும் கச்சா எண்ணெயை அள்ளி வாளியில் ஊற்றினார்கள். தொலைக்காட்சி அதையும் மீண்டெழும் மனவுறுதி என்றது. வேறு வழியில்லாதவர்கள் செய்வதையெல்லாம் மனவுறுதி என்று பாராட்டிவிட்டால், வழி செய்து தரவேண்டியவர்கள் தப்பித்துவிடலாம் இல்லையா? வடசென்னைக்கு இந்தப் பாராட்டு கொஞ்சம் அதிகமாகவே கிடைக்கிறது. தொழிற்சாலைகளும் அனல்மின் நிலையங்களும் கிடைத்த அளவுக்கு.

நம் இளைஞர்களிடம் நான் எதிர்பார்ப்பது பெரிய புரட்சி எல்லாம் இல்லை. 2022 நவம்பரிலிருந்து நகரங்களில் பகுதி சபைக் கூட்டம் என்று ஒன்று நடத்தப்படுகிறது. வார்டு கவுன்சிலர் முன்னால் மக்கள் பேசலாம். எங்கள் பகுதிக் கூட்டத்துக்கு முப்பது பேர் வந்திருந்தார்கள். தெருநாய், பார்க்கிங், பூங்காவில் நடைப்பயிற்சி நேரம், இவைதான் பேச்சு. நான் எழுந்து, நம் தெருவைப் பெருக்குகிறவர்களுக்கு உடை மாற்ற ஒரு அறையும் கழிப்பறையும் வார்டில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ஆளுக்காள் பார்த்துக்கொண்டார்கள். அது கான்ட்ராக்டர் பொறுப்பு என்று பதில் வந்தது. கான்ட்ராக்டர் எங்கே என்றால் அவர் கூட்டத்துக்கு வரமாட்டாராம். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், "தம்பி, நம்ம ஏரியா பிரச்சினையப் பேசுங்க" என்றார்.

அந்த அக்காவிடம் இதைச் சொன்னேன். அடுத்த கூட்டத்துக்கு நீங்களே வந்து கேளுங்களேன் என்றேன். துடைப்பத்தைத் தரையில் தட்டிச் சரிசெய்தபடியே கேட்டார்: "எனக்கு அங்க பேச உரிமை இருக்கா தம்பி? என் ஓட்டு பெரும்பாக்கத்துல இல்ல இருக்கு?"

கூட்டம் ஜனவரியில். அழைத்துக்கொண்டுதான் போகப்போகிறேன். வாக்காளர் அட்டை கேட்டால், இருபது வருடமாக இந்த வார்டில் வேலை செய்கிறார் என்று சொல்வதாக இருக்கிறேன். முப்பது பேரில் பத்துப் பேராவது எங்களோடு எழுந்து நிற்க வேண்டும். தெருவில் கதவு கதவாகப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இதுவரை நான்கு பேர் சரி என்றிருக்கிறார்கள்.